அரச மரத்தின் மேல் ஏன் பழி?

(நமது தளேகாவ் நிருபர்)

தளேகாவ் ஸ்டேஷனுக்குச் சமீபத்தில் நாங்கள் குடியிருக்கும் சந்தில் ஓர் அரச மரம் நிற்கிறது. அதை வெட்ட அனுமதி கேட்டு நகரசபைக்கு மனு தயாராகியிருக்கிறது. காரணம், சாக்கடை அடைப்பு. இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று தடவை அடைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை மூங்கில் விட்டு இழுத்தபோது, குதிரை வால் மாதிரி ஒரு வேர்க்கற்றை வந்து விழுந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. நானும் மனுவில் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது அந்தக் கையெழுத்தை வாபஸ் வாங்க விரும்புகிறேன். காரணத்தை நம்மவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். தேஹு ரோட்டிலும், பிம்ப்ரியிலும், கட்கியிலும் இப்படி ஒரு மனு நாளை உங்கள் வாசலுக்கும் வரலாம்.

"வேர் குழாயை உடைத்துவிட்டது" என்கிறோம். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. நல்ல குழாயை வேர் துளைப்பதில்லை. இணைப்பில் மயிரிழை விரிசல் விழுந்து ஈரம் கசிகிறது. ஈரம் உள்ள இடத்தில் வேர் செழிக்கும். நூல் மாதிரி உள்ளே நுழைகிறது. அங்கே தண்ணீர், காற்று, எரு மூன்றும் இலவசம்! நூல் கயிறாகி இணைப்பை மேலும் பிளக்கிறது. அந்தச் சடையில் எண்ணெய்ப் பிசுக்கும், துணியும், தலைமயிரும் சிக்கி அடைத்துக்கொள்கின்றன.

இதில் ஒரு கணக்கு உண்டு. பழைய காலத்தில் பதித்த மெருகு மண்குழாய் ஒன்றின் நீளம் சுமார் 2 அடி. 100 அடிக்கு 50 இணைப்புகள். ஒவ்வொன்றும் சிமெண்டு பூசியது. 20 அடி நீள பி.வி.சி. குழாயானால் அதே தூரத்துக்கு நாலைந்து இணைப்புகள்தான். அவற்றிலும் ரப்பர் வளையம் உண்டு. சிமெண்டுப் பூச்சு வளைந்து கொடுக்காது. மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணில், மேலே லாரியும் ஓடினால், அது எத்தனை வருஷம் தாங்கும்?

ரயில்வேக்காரனான எனக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். பாலத்துக் கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்தால், கன்றைப் பிடுங்குவதோடு வேலை முடியாது. இடுக்கையும் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி முளைத்து நிற்கும்.

மரத்தை வெட்டினாலும் அரசு அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். வேர் செத்தாலும், அது மக்கிய இடத்தில் பொந்து விழும். விரிசல் அப்படியே இருக்கும். அந்த விரிசல்தான் ஆபத்து. நம் ஊர்களில் குடிதண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் கிடையாது. பக்கத்தில் சாக்கடை கசிந்தால், குடிதண்ணீர்க் குழாயின் ஓட்டை வழியே அது உள்ளே போகும். மஞ்சள் காமாலைக்கும் டைபாய்டுக்கும் வேறு வழி தேவையில்லை. தவிர, 1975-ம் வருஷத்து மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டப்படி நகரத்தில் அனுமதியின்றி மரத்தில் கோடரி வைப்பது குற்றம்.

இன்னொரு விஷயம். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் தடவை அடைத்தபோது மேன்ஹோலில் இறங்க ஆள் தேடினார்கள். "உங்கள் ஊர்க்காரர்கள் செய்வார்களே" என்று என்னிடம் வந்தார்கள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நானே போய் ஆளை அழைத்து வந்தேன். சேலம் பக்கத்துப் பையன். முகமூடி இல்லை, கையுறை இல்லை. இடுப்பில் ஒரு கயிறு. "அஞ்சு நிமிஷம்தாண்ணே" என்று சொல்லி இறங்கினான். நல்லபடியாக ஏறி வந்தான். உள்ளே விஷவாயு இருந்திருந்தால்?

பாதுகாப்புச் சாதனமின்றி ஒருவரைச் சாக்கடையில் இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதல் குற்றத்துக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பக்கத்துக் கேரளத்தில் இளைஞர்கள் சிலர் மேன்ஹோலைச் சுத்தம் செய்யும் யந்திரத்தையே செய்துவிட்டார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது வேலைக்கு வந்தது. நாம் இன்னும் கயிறு தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே மனுவை மாற்றி எழுதியிருக்கிறேன். கேமரா விட்டுக் கசியும் இணைப்புகளைக் கண்டுபிடிக்க வேண்டும். மரத்தடியில் ஓடும் பகுதிக்கு மட்டும் மண்குழாயை எடுத்துவிட்டு பி.வி.சி. போட வேண்டும், குறுக்கே வந்த வேரை மட்டும் நறுக்க வேண்டும், அதுவரை அடைத்தால் மோட்டார் வண்டியைத்தான் வரவழைக்க வேண்டும், ஆளை அல்ல. ஞாயிற்றுக்கிழமை சந்தில் கூட்டம். வீட்டுக்கு எவ்வளவு விழும் என்று இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என் பங்கை எடுத்து வைத்திருக்கிறேன்.