வலி என்று சொல்பவரை முதலில் நம்புவோம்

முதுகுவலி, மூட்டுவலி என்று வருடக்கணக்கில் கஷ்டப்படுபவர்கள் நம் எல்லோருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தால் போதும், "சும்மா நடிப்பு", "வேலைக்குக் கள்ளம்" என்று ஊரில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். இது பெரிய அநியாயம்.

3 மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் சொல்கிறது. காயம் ஆறிய பிறகும் நரம்புகள் அபாயமணியை அடித்துக்கொண்டே இருக்கலாம். படத்தில் தெரியவில்லை என்பதற்காக வலி பொய்யாகிவிடாது.

மறுபக்கம், "எழும்பாதீங்க உம்மா, நாங்க பார்த்துக்கொள்றோம்" என்று பாசத்தில் கட்டிலோடு கட்டிவைக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நாட்பட்ட முதுகுவலி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டல், உடற்பயிற்சியையும் நோயாளிக்கு விளங்கப்படுத்துவதையும் மனநல உதவியையும் பரிந்துரைக்கிறது. எல்லோரும் தேடி வாங்கும் இடுப்புப் பெல்ட்டை வழமையான சிகிச்சையாக அது ஏற்கவில்லை.

ஆசிரியர்களான நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பிள்ளைக்காக நாம் பரீட்சை எழுத முடியாது. ஆனால் எங்கே விளங்கவில்லை என்று பிள்ளையிடம் கேட்காமல் படிப்பிக்கவும் முடியாது. பிசியோதெரபியும் அப்படித்தான். இலக்கை நோயாளியே சொல்ல வேண்டும். ஒருவருக்குப் பள்ளிவாசல் வரை நடந்து போக வேண்டும். இன்னொருவருக்குப் பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும். வலி முழுதாகப் போகாவிட்டாலும் அந்த இலக்கை அடைய முடியும்.

நல்ல நாளில் வீட்டு வேலை முழுவதையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுப்பதை விட, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதே நல்லது. அதற்கு வீட்டார் துணை நிற்க வேண்டும். "இன்னும் வலிக்குதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதை விட, "இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தீங்க?" என்று கேட்போம். பயிற்சி நேரத்தில் கூடவே நடப்போம். கிளினிக் நாளில் கூடப் போவோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கால் திடீரென பலமிழந்தால், சிறுநீர் கட்டுப்பாடு போனால், முதுகுவலியோடு காய்ச்சலும் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பள்ளியில் கதிரையில் அமர்ந்து தொழுபவரை ஏற இறங்கப் பார்ப்பதையும் இன்றோடு நிறுத்துவோம். நிற்க முடியாதவருக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கும்போது அதை மறுக்க நாம் யார்?

வலியோடு வாழும் அனைவருக்கும் அல்லாஹ் ஷிபாவைத் தருவானாக. நம் நாவால் அவர்களுடைய வலி கூடாமல் இருக்கட்டும்.