ஒரு கணினி, இரண்டு எழுத்து

நகரி, குப்பம், சத்தியவேடு வட்டாரங்களில் ஒரே வீட்டுக்குள் இரண்டு எழுத்துகள் வழங்குவது புதிதன்று. 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எனினும் தமிழ்க் குடும்பங்கள் பல எல்லைக்கு அப்பாலேயே தங்கின. 2022இல் திருப்பதி தனி மாவட்டமானபோது அவர்கள் இரு மாவட்டங்களுக்கு உரியவர்களாயினர். அத்தகைய வீடுகள் பலவற்றில் மூத்தோர் தமிழ் படிப்பர். பேரப்பிள்ளைகள் தெலுங்கு படிப்பர். இடைத்தலைமுறை தமிழ் பேசும், ஆனால் எழுத்துக் கூட்டத் தயங்கும்.

இவ்வீட்டுக்குள் முதன்முதலாக வரும் கணினி எந்த மொழியில் பேசவேண்டும்? கடையில் விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது விண்டோஸின் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பு. பெயருக்கேற்ப அதில் திரைமொழி ஒன்றுதான். லினக்ஸிலோ பயனர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனித் திரைமொழியும் அமையும். பாட்டி நுழைந்தால் தமிழ்; பேத்தி நுழைந்தால் தெலுங்கு. இதற்கெனக் கூடுதல் உரிமக் கட்டணம் இல்லை. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11இன் வன்பொருள் நிபந்தனைக்கு உட்படாத பழைய கணினிகளும் லினக்ஸில் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

லினக்ஸ் புதியவர்களுக்குக் கடினம் என்பது பழகியவர்களின் கூற்று. வேறொன்றைப் பழகியவருக்கே மறக்கவேண்டியது உண்டு. எதையும் பழகாதவருக்கு இரண்டும் ஒன்றே. கேரளப் பள்ளிகளில் மாணவர்கள் கட்டற்ற மென்பொருளிலேயே கணினி கற்கின்றனர். ஆனால் அங்கே ஆசிரியருக்குப் பயிற்சியும் மாணவருக்குப் பாடநூலும் உடன் வந்தன என்பதை மறக்கலாகாது. நிறுவுவது ஒரு மணி நேர வேலை. ஐயம் எழும்போது கேட்க ஓர் ஆள் வேண்டுவதோ பல மாத வேலை. அந்த ஆளில்லாமல் ஒரு குடும்பத்தை மாற்றுவது உதவி ஆகாது.

அடுத்த தடை கலைச்சொல். 'கோப்பு' தமிழக அலுவலகங்களில் உயிரோடுள்ள சொல். தெலுங்கில் அலுவல் நடக்கும் சித்தூரில் அது நூல்வழக்கு மட்டுமே. அங்குள்ள மூதாட்டிக்கு 'ஃபைல்' புரியும். 'கோப்பு' புரியாமல் போகலாம். தமிழ்த் திரை என்பதாலேயே அது அவர் தமிழ் ஆகிவிடாது. எனினும் இம்மொழிபெயர்ப்புகள் திறந்தவை. எவரும் திருத்தம் முன்மொழியலாம். குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக்கழகம் இயங்குகிறது. எல்லைத் தமிழை ஆய்வுப்பொருளாக மட்டும் கொள்ளாமல், அம்மக்களிடம் திரைச்சொற்களைப் படித்துக்காட்டி, புரியாதவற்றைக் குறித்து மாற்று முன்மொழிவது முதுகலை மாணவர்க்கு ஒரு பருவத்து ஆய்வேடாகத் தகும்.

தமிழ்நாட்டு வீட்டில் தமிழ்த் திரை ஒரு வசதி. சித்தூர் வீட்டில் நிலை வேறு. தமிழ் பேச்சாக மட்டும் சுருங்கிவரும் வீட்டில், பேத்தி அன்றாடம் தமிழ் எழுத்தைக் காணும் ஒரே இடம் பாட்டியின் கணக்காகவே இருக்கக்கூடும்.