கொலைக்கதையும் கொள்ளேகால் மலையும்

துப்பறியும் தொடர் பார்ப்பது பொழுதுபோக்கா, பொழுதைக் கெடுப்பதா? மாணவ நண்பர்களிடையே ஓயாத வழக்கு இது. நான் முன்னதன் பக்கம். பி.பி.சி. 2013இல் தொடங்கிய ‘ஷெட்லாந்து’ தொடரில் எனக்குத் தனி விருப்பம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே மரங்கள் அருகிய தீவுகள்; ஓயாத காற்று; ஒளிந்துகொள்ள இடமில்லாத வெட்டவெளி. அங்கே கொலையும் கற்பனை, மாண்டவரும் கற்பனை. மனங்கூசாமல் சுவைக்கலாம்.

அதே சுவையோடு, செல்வமணி செல்வராஜ் இயக்கி 2023இல் நெட்பிளிக்ஸில் வந்த வீரப்பன் தொடரையும் பார்க்கலாமா? மாதேசுவரன் மலையும் பாலாறும் தீவுக்கு நிகரான தனிமையும் அழகும் உடையவை. 1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பழைய கொள்ளேகால் வட்டம் அது. ஆனால் அங்கே சிந்தியது சாயமன்று, குருதி. 1991இல் வன அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார். 1993இல் பாலாற்றுக் கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். வேட்டைக்கு வந்த அதிரடிப்படையினரால் துன்புற்ற 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் வழங்குமாறு 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் கூறியது.

பார்க்காதீர் என்று சொல்லவில்லை, பாருங்கள். ஆனால் பார்த்து முடித்தபின் எதைப் பேசுகிறோம்? மீசையை! இரு பக்கத் துப்பாக்கிகளுக்கும் நடுவே வாழ்ந்த மலைச்சிற்றூர் மக்களை யார் பேசுகிறார்?

ஷெட்லாந்தில் திரை அணைந்தால் துயரும் அணையும். கொள்ளேகால் மலையில் அப்படியன்று, தோழர்களே! வீரப்பன் 2004இல் வீழ்ந்தான். அடிபட்டவரின் வடு ஆறிவிடவில்லை. அவர்களையும் நினைந்து பார்ப்பதே மாணவர்க்கு அழகு.