‘பை’ எங்கே போச்சு?

இங்கிலீஷ் ஓரளவு கைவந்தவர்களுக்கு வாக்கியத்தை மாற்றியெழுதும் பயிற்சி தருகிறார்கள். ஆக்டிவை பாஸிவாக்கு; செய்தவனைச் சொல்லத் தேவையில்லையென்றால் ‘பை’யோடு சேர்த்து அவனையும் விட்டுவிடு என்கிறது இலக்கணம். தேவையில்லை என்று முடிவு செய்வது யார்?

1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ‘44 பேர் எரிக்கப்பட்டனர்.’ முழு மார்க். எரிச்சவன் எங்கடா? ‘கூலி உயர்வு கேட்ட சேரியின் 44 பேரை மிராசுதார்களின் அடியாட்கள் எரித்தார்கள்’ என்று திருப்பி எழுது. கொலைகாரன் வாக்கியத்தின் வாசலில் வந்து நிற்பான்.

தமிழ் மட்டும் யோக்கியமா? ‘தாழ்த்தப்பட்டோர்’ என்கிறது, தாழ்த்தியவன் பேரைக் காணோம்.

நம்ம பிள்ளைகள் இங்கிலீஷை விடக்கூடாது. அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ உரையை அந்த மொழியில்தான் அச்சிட்டார். ஆனா பாஸிவ் வர்ற இடமெல்லாம் ‘யாரால?’ன்னு கேட்டு, செய்தவனை எழுவாயாக்கி எழுதிப் பழகட்டும்.