ஓடுவது ரத்தமா, உழைப்பா?

கிராஸ் கண்ட்ரி என்றொரு ஓட்டப் பந்தயம் உண்டு. வழவழப்பான மைதானத்தில் அல்ல. சேற்றிலும் புல்லிலும், மேட்டிலும் பள்ளத்திலும் ஓடும் பந்தயம். தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் ஓடிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு உலகப் போட்டி நடக்கும் போதெல்லாம் ஒரு பழைய புளுகு புதுச்சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறது. "கென்யாக்காரன் ஜெயிப்பதில் என்ன அதிசயம்? அது அவன் ரத்தத்தில் இருக்கிறது! ஓடவே பிறந்த ஜாதி!" என்கிறார்கள் சில மேதாவிகள்.

பாராட்டுப் போலத்தான் காதில் விழுகிறது. தோலை உரித்துப் பாருங்கள், உள்ளே இருப்பது நஞ்சு!

சரித்திரம் என்ன சொல்கிறது? 1903-ல் ஸ்காட்லாந்திலுள்ள ஹாமில்டன் குதிரைப் பந்தய மைதானத்தில் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளே கலந்துகொண்டன. அன்று தொட்டு 1921 வரை, யுத்தத்தால் போட்டி நின்றுபோன ஆண்டுகள் நீங்கலாக, ஒவ்வோர் ஆண்டும் அணி வெற்றி இங்கிலாந்துக்கே. 1922-ல் பிரான்ஸ் அதைத் தட்டிப் பறித்தது. ஒரே வருஷத்தில் இங்கிலீஷ்காரனின் ரத்தம் நீர்த்துப் போயிற்றா? ரத்தம் மாறவில்லை; எதிரே நின்றவர்களின் பயிற்சி மாறியது!

1949, 1952, 1954, 1956 ஆகிய நான்கு ஆண்டுகளில் முதலிடம் பெற்றவர் அலென் மிமூன். அல்ஜீரியாவில் பிறந்தவர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1944-ல் இத்தாலியில் மான்டே காசினோ போரில் காயம்பட்டு, பாதத்தையே இழக்க இருந்தவர். பிறகு பாரிசில் உணவு பரிமாறும் வேலை பார்த்துக்கொண்டே ஓடினார். அவரை ஜெயிக்க வைத்தது எந்த ரத்தம்?

1973-ல் பெல்ஜியத்தின் வாரெகெம் நகரில் இது உலகச் சாம்பியன் போட்டியாயிற்று. 1986 முதல் 2003 வரை, பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து, ஆண்கள் அணி வெற்றியைக் கென்யா விட்டுக்கொடுக்கவில்லை. 1988-ல் ஆக்லாந்தில் முதல் ஒன்பது இடங்களில் எட்டு கென்யர்களுக்கு! அங்கே கலஞ்சின் இனத்தார்தான் ஓட்டத்துக்கென்றே பிறந்தவர்கள் என்று புத்தகம் எழுதினார்கள். ஆனால் ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஜான் நுகுகி கலஞ்சின் அல்ல, கிக்குயூ இனத்தவர்; ராணுவத்தில் வேலை பார்த்தவர். 2004-ல் எத்தியோப்பியா கென்யாவை வீழ்த்தியது. ரத்த சாஸ்திரிகள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

மலைக்காற்று உதவுகிறது என்பது மெய். ஓட்டக்காரர்களின் ஊரான இட்டென் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் பழகிய உடலுக்கு மூச்சு தாங்கும். ஆனால் உயரம் மட்டும் போதுமென்றால், இமயமலையிலும் ஆண்டீஸ் மலையிலும் வாழ்கிறவர்கள் அல்லவா பதக்கங்களை அள்ளியிருக்க வேண்டும்? இட்டெனில் விடியுமுன் எழுந்து, கூட்டம் கூட்டமாகச் செம்மண் சாலையில் ஓடுகிறார்கள். பின்தங்கியவனை முன்னே ஓடுகிறவன் இழுத்துக்கொண்டு போகிறான். இந்தப் பந்தயத்தின் கணக்கும் அப்படித்தான்: அணியினர் வந்து சேர்ந்த இடங்களைக் கூட்டி, குறைந்த தொகை வந்த அணிக்கே வெற்றி. ஒருவன் மட்டும் பறந்தால் போதாது!

பின் ஏன் இந்த ரத்தப் பேச்சு? நாற்று நடும் பெண்ணைப் பார்த்து, "அவளுக்கென்ன, குனிந்தே பழகிய உடம்பு" என்கிறான் பண்ணையார். எதற்காக? முதுகுவலிக்குக் கூலி கேட்கக்கூடாது என்பதற்காக! உழைப்பைப் பிறவிக் குணமென்று சொல்லிவிட்டால் உழைத்தவனுக்குக் கடன்பட்டவர் எவருமில்லை. சூட்சுமம் இதுதான்.

பெண்களுக்கும் இதே கதைதான். உடம்பு தாங்காது என்பது அவர்களுக்கு எதிரான பழைய பாட்டு. 2015-ல் சீனாவின் குய்யாங் போட்டியில்கூட ஆண்களுக்கு 12 கிலோமீட்டர், பெண்களுக்கு 8 கிலோமீட்டர். 2017-ல் உகாண்டாவின் கம்பாலாவில்தான் இருவருக்கும் 10 கிலோமீட்டர் ஆயிற்று. பெண்கள் ஓடி முடித்தார்கள். ஒரு உடம்பும் ஒடிந்துவிடவில்லை!

குய்யாங்கில் வென்றவர் ஆக்னஸ் டைரப், வயது 19. 2021 செப்டம்பரில் ஜெர்மனியில், பெண்கள் மட்டும் ஓடிய 10 கிலோமீட்டர் பந்தயத்தில் 30 நிமிஷம் 1 செகண்டில் உலக சாதனை படைத்தார். அடுத்த மாதம் இட்டெனில் தன் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டுக் கிடந்தார். கணவர் மீது கொலை வழக்குத் தொடரப்பட்டது. அதன் பிறகுதான் அவருடைய தோழிகள் வாய் திறந்தார்கள்: பெண் ஓடிச் சம்பாதிக்கிறாள், பணமும் நிலமும் கணவன் பேரிலும் பயிற்சியாளன் பேரிலும் போகின்றன, கேட்டால் அடி, உதை! டைரப் பெயரால் சங்கம் அமைத்து, அடிபடும் பெண்களுக்குத் துணையாக நிற்கிறார்கள்.

அந்தத் தோழிகள் காட்டுவதே சரியான பாதை. ஓடுவது ரத்தமல்ல, உழைப்பு! உழைப்பென்று ஒப்புக்கொண்டால் அதன் பலன் யாருக்கு என்ற கேள்வி தானே எழும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ரத்தத்தைப் பற்றி இத்தனை கூப்பாடு!