பட்டியும் வயலும் பகையல்ல

கரவெட்டியில் நெல் விதைக்கும் காலம் நெருங்கினால், கட்டாக்காலி மாடுகளைப் பற்றிய முறைப்பாடுகளும் கூடவே எழுகின்றன. அவற்றைக் கேட்டுக் கேட்டு, மாடு வளர்ப்பும் கமமும் சுபாவத்திலேயே விரோதமானவை என்றும், மாட்டுக்காரரின் அசிரத்தையே சகல சேதத்துக்கும் மூலம் என்றும், தண்டத்தைக் கூட்டினால் தொல்லை தீரும் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. பயிரைப் பறிகொடுத்த கமக்காரரின் துயரம் மெய்யானது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் இம்மூன்று நியாயங்களும் பரிசீலனைக்கு முன் நில்லா.

முதலாவது, விரோதம் என்பது. வற்றாத ஆறொன்று இல்லாத, சுண்ணாம்புக்கல்லின் மேற் படிந்த மண்ணையே உடைய இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் விளைவித்த நம் முன்னோர், வைக்கோலையும் பனையின் பச்சையோலையையும் மாட்டுக்கு இட்டு, அது தந்த எருவால் தோட்டத்தை வளம்படுத்தினர். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைப்பட்டபோது, அந்த எருவின் அருமையை நாடு முழுவதும் உணர்ந்தது.

இரண்டாவது, அசிரத்தை. நம் வயல்கள் மாரி மழையை நம்பி, வருஷத்துக்கு ஒருமுறை, காலபோகத்தில் மாத்திரமே விளைகின்றன. மாசியில் அரிவு வெட்டிய தாளை மாடு மேய்ந்தால் எவரும் குற்றம் காண்பதில்லை. கார்த்திகையில் அதே மாடு அதே வயலில் இறங்கினால் சத்துரு ஆகிவிடுகிறது. எனவே கேள்வி மாட்டின் குணத்தைப் பற்றியதன்று. பயிர் நிற்கும் அந்த மாதங்களில் அது எங்கே மேய்வது என்பதைப் பற்றியது. பொது மேய்ச்சல் நிலங்களான தரவைகள் சுருங்கியபின், மாட்டைக் கட்டி வைத்துத் தீனி போட வசதியற்ற ஏழையை மட்டும் பழிப்பது நீதியாகாது.

மூன்றாவது, தண்டம். கால்நடை அத்துமீறலுக்கான கட்டளைச் சட்டம் 1876 ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகத் தண்டம் இருந்தும் பிணக்கு ஓயாமைக்குக் காரணம், தண்டம் ஒரு பிடி புல்லையும் முளைப்பிக்காது என்பதே.

மட்டக்களப்பின் அனுபவத்தைப் பாருங்கள். அங்கே விதைப்புக்கு முன் கூடும் கூட்டத்தில், வயற்புறத்து மாடுகளை அப்புறப்படுத்தவேண்டிய தேதியும் தீர்மானிக்கப்படுகிறது. அம்மாடுகள் சென்று தங்கும் இடங்களில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரை முக்கியமானது. வெளிமாவட்டத்தார் அங்கே புகுந்து பயிரிட்டதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறப்போராட்டம் தொடங்கினார்கள். அதை மாட்டுக்காரருக்கும் கமக்காரருக்கும் இடையிலான வழக்கென்று சுருக்கிச் சொல்வோர் ஒன்றை மறக்கின்றனர்: அந்தத் தரை பறிபோனால் மாடுகள் திரும்பி வருவது மட்டக்களப்புக் கமக்காரரின் வயலுக்கே. மேய்ச்சல் நிலத்தைக் காப்பது பயிரைக் காப்பதுமாகும்.

ஆதலால், நம் பிரதேச சபையும் கமக்காரர் அமைப்புகளும் மாடு வளர்ப்போரைச் சமமாக அழைத்து வைத்துக்கொண்டு, எஞ்சிய தரவைகளை அளந்து எல்லையிட்டு, மாடு கட்டும் தேதியையும் அவிழ்க்கும் தேதியையும் விதைப்புக்கு முன்பே பகிரங்கமாக அறிவிக்கட்டும். மேய இடம் கொடுத்த பின்னரும் பிறர் பயிரில் மாட்டை விடுபவருக்குத் தண்டம் விதித்தால், அதை நியாயமென்று மாட்டுக்காரரும் ஒப்புவர்.