மதுரையிலிருந்தும் ஒரு கையெழுத்து



பொங்கல் முடிந்து டபிள்யூ-2 கைக்கு வந்ததும் நம் அஞ்சல் பெட்டியில் கவிதைகள் குறைந்து கேள்விகள் கூடிவிடுகின்றன. “மனைவி இன்னும் மதுரையில் இருக்கிறாள். வரிப் படிவத்தில் நான் எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?” பல கடிதங்களின் சாரம் இதுதான். கணவர் யாழ்ப்பாணத்தில், மனைவி நியூஜெர்சியில் என்ற வீடுகளிலிருந்தும் இதே கேள்வி வருகிறது. நான் கணக்காளர் இல்லை. ஆனாலும் இத்தனை பேர் கேட்கும்போது இந்தப் பக்கத்தை இந்த மாதம் இதற்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது.

மணமானவரா, இல்லையா என்பதை அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ். டிசம்பர் 31 அன்றைய நிலையை வைத்துத்தான் பார்க்கிறது. கார்த்திகை முகூர்த்தத்தில் தாலி கட்டியவர் அந்த ஆண்டு முழுவதற்கும் மணமானவர். மார்கழி கழியட்டும் என்று தைக்குத் தள்ளியவர் அந்த ஆண்டுக்கு பிரம்மச்சாரி. சிக்கல் நடுவில் இருப்பவர்களுக்குத்தான். விசா வேலை சீக்கிரம் தொடங்கட்டும் என்று ஐப்பசியிலேயே பதிவுத் திருமணத்தை முடித்துவிட்டு, ஊரைக் கூட்டிக் கல்யாணத்தைத் தையில் வைப்பவர்கள் நம்மில் நிறைய. பாட்டியின் கணக்கில் இவர்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை, ஐ.ஆர்.எஸ். கணக்கில் ஆகிவிட்டது. ‘அவள்தான் இங்கே இல்லையே’ என்று ‘சிங்கிள்’ கட்டத்தில் டிக் போட இவர்களுக்கு வழியில்லை.

பிறகு என்ன வழி? எதையும் செய்யாமல் விட்டால் ‘மேரீட் ஃபைலிங் செபரேட்லி’, அதாவது தனியாகத் தாக்கல் செய்வது. ஊரில் இருக்கும் மனைவிக்கு அமெரிக்க வருமானம் இல்லையென்றால் அவர் இங்கே எதையும் தாக்கல் செய்ய வேண்டாம். அவருடைய எண் கேட்கும் இடத்தில் என்.ஆர்.ஏ. (நான்-ரெசிடென்ட் ஏலியன்) என்று எழுதினால் போதும். இன்னொரு வழி, வெளிநாட்டில் இருக்கும் துணையையும் வரிக்காக அமெரிக்கவாசியாகவே நடத்தும்படி இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தை இணைத்து, ‘ஜாயிண்ட்லி’ தாக்கல் செய்வது. மனைவி ஹெச்-4 விசாவில் அக்டோபரில்தான் வந்து இறங்கினார், தங்கிய நாள் கணக்கு போதவில்லை என்றாலும் இதே வழிதான். ‘ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டு’ என்றும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் பிள்ளையோ தகுதியுள்ள வேறு உறவினரோ உங்கள் பொறுப்பில் இருந்தால்தான் அது பொருந்தும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புவது, எவ்வளவு பெரிய தொகையானாலும், இந்தக் கணக்கில் சேராது.

‘ஜாயிண்ட்’ ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதை ஓர் உதாரணம் சொல்லிவிடும். 2025ஆம் ஆண்டில் ஒருவருக்குச் சம்பளம் 90,000 டாலர், மனைவிக்கு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தனியாகத் தாக்கல் செய்தால் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750. மத்திய அரசுக்கு வரி சுமார் 11,250 டாலர். சேர்ந்து செய்தால் டிடக்‌ஷன் 31,500, வரி சுமார் 6,540. கிட்டத்தட்ட 4,700 டாலர் மிச்சம்! ஊருக்குப் போய்வர இருவருக்கும் டிக்கெட் போட்டு, நகைக்கடைக்கும் கொஞ்சம் ஒதுக்கலாம்.

ஆனால் அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டதும் மனைவியின் உலக வருமானம் முழுவதும் அமெரிக்கக் கணக்குக்குள் வந்துவிடும். மாமனார் எழுதிக் கொடுத்த வயலின் குத்தகைப் பணத்துக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது, இங்கே உண்டு. அங்கே வரியே கட்டாததால் இங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. வீட்டு வாடகை, ஃபிக்சட் டெபாசிட் வட்டி, மனை விற்ற லாபம் எல்லாமே வரும். அங்கே கட்டிய வரியை மட்டும் இங்கே கழிக்கக் கேட்கலாம். இதில் மோசமானது மியூச்சுவல் ஃபண்ட். இந்திய ஃபண்டுகளுக்கு, ஃபண்டுக்கு ஒன்றாக, 8621 என்ற படிவம் நிரப்ப வேண்டிவரலாம். அதற்கு சி.பி.ஏ. கேட்கும் கட்டணமே சில நேரம் ஃபண்டின் லாபத்தை விழுங்கிவிடும்.

என்னை உறுத்துவது வேறொன்று. கூட்டுப் படிவத்தில் கையெழுத்திடும் இருவரும் முழு வரிக்கும் பொறுப்பாளிகள். கணவர் எதையாவது மறைத்திருந்தால் கேள்வி மனைவியையும் தேடி வரும். அமெரிக்காவை இன்னும் கண்ணால் பார்க்காத பெண்ணுக்கு ஒரு பி.டி.எஃப். அனுப்பி, “கடைசிப் பக்கத்தில் சைன் பண்ணி ஸ்கேன் பண்ணும்மா” என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வீடியோ காலில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, வரிக்கு வரி அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் பெயரில் ஊரில் என்னென்ன இருக்கிறது என்று சரியாகத் தெரிந்தவர் அவர்தான்.

துணையை அமெரிக்கவாசியாக நடத்தும் இந்த ஏற்பாடு ஒரு வருடத்தோடு முடிவதும் இல்லை. நீங்களாக விலக்கும்வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும். விலக்கினால் இருவரில் யாரும் மறுபடி அதைக் கேட்க முடியாது. தனியாகத் தாக்கல் செய்தவர்கள் பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுக் கூட்டுக்கு மாறலாம். கூட்டாகச் செய்தவர்கள் கெடு தாண்டிய பின் தனிக்குத் திரும்ப முடியாது. ஊரில் பெரிதாக வருமானம் இல்லாதவர்கள் தயங்காமல் சேர்ந்து செய்யலாம்; மற்றவர்கள் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சேர்ந்து தாக்கல் செய்வதானால், சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத மனைவிக்கு டபிள்யூ-7 படிவம் போட்டு ஐ.டி.ஐ.என். என்ற வரி எண் வாங்க வேண்டும். வரிப் படிவத்தோடு சேர்த்து அது டெக்சாஸ் ஆஸ்டினுக்குத் தபாலில் போகும். விசா நேர்காணலுக்குத் தேதி வாங்கி வைத்திருப்பவர் அசல் பாஸ்போர்ட்டை அதனுடன் அனுப்பிவிட்டால் திண்டாட்டம்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சான்றளிக்க அனுமதி பெற்ற முகவர்களின் பட்டியலை, நாடு வாரியாக, ஐ.ஆர்.எஸ். தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. ஏப்ரல் 15க்குள் முடியாது என்று தெரிந்தால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். கட்ட வேண்டிய வரியை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்